கழிமேட்டின் இருபத்தாறாவது பெயர்

எந்த வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போனாலும் கலைமணி அக்கா முதலில் பார்ப்பது வாசலில் கிடக்கும் செருப்புகளைத்தான். வணக்கம் சொல்லிக் கைப்பையிலிருந்து படிவத்தை எடுப்பதற்குள் பெரிய செருப்பு எத்தனை, சின்னச் செருப்பு எத்தனை என்று எண்ணி முடித்திருப்பார். படிவத்தின் மேல் மூலையில் பென்சிலால் '4+2' என்று பொடியாக எழுதியிருக்கும். "வீட்ல எத்தினி பேரும்மா?" என்று கேட்டு, "நாலு பேருதான்" என்று பதில் வந்தால், "அப்ப மீதி ரெண்டு ஜோடி யாருது?" என்பார். அதற்குப் பிறகுதான் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும் மகளும் அவள் குழந்தையும் உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அவரோடு ஆறு வருடம் வேலை செய்தேன். ஆறு வருடமும் இந்தப் பழக்கம் மாறவில்லை. காகிதம் போய் டேப்லெட் வந்தபோது எழுத மூலை இல்லாமல் போனது. கடைசிக் கேள்விக்குக் கீழே இருந்த 'குறிப்பு' கட்டத்தில் '4+2' என்று போட ஆரம்பித்தார். கடலூர் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தத் தரவைச் சுத்தம் செய்வது என் வேலை. முதல் மாதம் அந்தக் கட்டம் முழுக்க ஏதோ கூட்டல் கணக்காக இருப்பதைப் பார்த்து, கை தவறி விழுந்தவை என்று நினைத்து மொத்தமாக நீக்கிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. பிறகு பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னேன்.

"அப்ப ஒரு மாசம் குனிஞ்சு குனிஞ்சு செருப்ப எண்ணுனது தண்டமா?" என்று சிரித்தார்.

அவர் வீடு பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகை. சின்ன வயதிலிருந்து முப்பது வயதுவரை முந்திரிக்கொட்டை உடைத்தவர். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரலை அரித்துவிடும். அந்த வேலையை விட்ட பிறகும் வலது கையில் இரண்டு விரல்களுக்கு ரேகை திரும்பி வரவேயில்லை. அலுவலக வாசலில் விரல் வைக்கும் கருவி அவரை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. அவருக்கு மட்டும் தனியாக ஒரு கையெழுத்து நோட்டு உண்டு. "மிஷினு கணக்குல நான் பொறக்கவே இல்ல" என்பார். பிளஸ் டூ படித்திருந்தார். போலியோ சொட்டு மருந்து முகாம், ஏதோ ஒரு பற்பொடிக்காக வீடு வீடாகக் கேள்வி கேட்கும் வேலை என்று தொடங்கி, எங்கள் தொண்டு நிறுவனத்துக்குக் களப்பணியாளராக வந்து சேர்ந்தார். கணவர் பலாப்பழ மண்டிக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் லோகநாயகி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்த தவறு என்னுடையது. எனக்குச் சொந்த ஊர் பெண்ணாடம். அப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரிகளில் கூலி. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான்தான். சிதம்பரத்தில் புள்ளியியல் படித்தேன். ஒரு ஊருக்கு என்ன குறை என்பதை ஊர்ப் பெரிய மனிதர்கள் சொல்லக் கூடாது, கணக்கு சொல்ல வேண்டும் என்று அப்போது உறுதியாக நம்பினேன். ரேஷன் கடை வரிசையில் அப்பாவை யார் பின்னால் தள்ளினார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஆள் பார்க்காத ஒரு எந்திரம் பெரிய ஆறுதலாகத் தெரிந்தது. இன்றைக்கும் அந்த நம்பிக்கை முழுதாகப் போய்விடவில்லை. போக வேண்டுமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் எங்களுக்கு வந்த வேலை இது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள கிராமங்களில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேண்டும். ஒரு குடியிருப்பில் அப்படி இருபது பேராவது இருந்தால், அங்கேயே ஒரு படிப்பு மையம் திறந்து ஆசிரியை போட்டு, ஒரு வருடத்தில் அந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும். பணம் கொடுப்பவர்கள் சென்னையில் இருந்தார்கள். இருபதுக்கு ஒன்று குறைந்தாலும் மையம் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பிப்ரவரியில் களப்பணி முடிந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் வரிகள் என் கணினியில் வந்து இறங்கின.

இப்படிப்பட்ட தரவில் ஒரே பிள்ளை இரண்டு இடத்தில் வருவது சகஜம். அப்பா வீட்டில் ஒரு தடவை, அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில் ஒரு தடவை எழுதிவிடுவார்கள். ஒரே அடுப்பில் சமைக்கும் குடும்பம் இரண்டு ரேஷன் கார்டு வைத்திருக்கும், இரண்டிலும் பிள்ளை பெயர் இருக்கும். அதனால் வீட்டு எண்ணை நம்ப முடியாது. நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஊர், பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி நான்கும் ஒன்றாக இருந்தால் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும். அப்பாவின் முழுப் பெயரைக் கேட்டால் டேப்லெட்டில் தட்ட நேரமாகிறது என்று களப்பணியாளர்கள் குறைப்பட்டதால், படிவத்தில் தலைப்பெழுத்து போதும் என்று முடிவு செய்ததும் நான்தான். நிரல் முந்நூற்று முப்பது வரிகளை நீக்கியது. பத்துப் பன்னிரண்டை எடுத்துச் சரிபார்த்தேன். எல்லாம் உண்மையிலேயே இரட்டைப் பதிவுகள். பட்டியலைச் சென்னைக்கு அனுப்பினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்துவிட்டுக் கலைமணி அக்கா நேராக என் மேசைக்கு வந்தார்.

"இன்னாடா இது, கழிமேடு பதினாலு?"

"அவ்வளவுதான்க்கா வந்திருக்கு."

"நான் இருபத்தாறு அனுப்புனேன்."

"அதுல பன்னெண்டு டூப்ளிகேட். எடுத்துட்டேன்."

"டூப்ளிகேட்டா? எல்லாம் என் கண்ணு முன்னாடி வரிசையா நின்னுச்சுங்கடா. ஒண்ணு மூக்க ஒழுகவிட்டுக்கிட்டு, ஒண்ணு என் பேனாவ புடுங்கிக்கிட்டு. அதுல எதுடா டூப்ளிகேட்டு?"

கழிமேடு கிள்ளைப் பக்கம் உப்பங்கழி ஓரமாக இருக்கும் ஓர் இருளர் குடியிருப்பு. நாற்பது வீடுகள். கழியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பது அவர்கள் தொழில். நான் அதுவரை அங்கே போனதில்லை. பழைய கோப்பைத் திறந்து காட்டினேன்.

"பாருங்க. ம. கன்னியம்மா, ஒண்ணு ஆறு ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. இதே மாதிரி மூணு வரி இருக்கு. மு. சக்தி அஞ்சு வரி. ஒரே ஊரு, ஒரே தேதி. வேற எப்படி எடுத்துக்கறது?"

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"ஜூன் ஒண்ணு முகாம் தேதிடா" என்றார்.

"அப்படின்னா?"

சில வருடங்களுக்கு முன் அங்கே சான்றிதழ் முகாம் நடந்திருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பிறந்தவை. தேதி யாருக்கும் தெரியாது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர், 'தானே' புயலுக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்டிருக்கிறார். முன்னாடி என்றவர்களுக்கு 2011, பின்னாடி என்றவர்களுக்கு 2012, பெருவெள்ளத்து வருடம் என்றவர்களுக்கு 2015. பள்ளி திறக்கும் மாதம் என்பதால் எல்லோருக்கும் ஜூன் ஒன்று. மூத்த பெண்ணுக்குக் குலதெய்வமான கன்னியம்மாவின் பெயரை வைப்பது அங்கே வழக்கம். மூன்று கன்னியம்மாக்களின் அப்பாக்கள் மணி, மாரி, மதுரை. என் படிவத்தில் மூவரும் வெறும் 'ம.'

"தெரிஞ்சிருந்தும் ஏன்க்கா சொல்லல?"

"நீ கேட்டியா? தாள்ல இருக்கறத அப்படியே அடிக்கணும், சொந்தப் புத்திய காட்டாதீங்கன்னு ட்ரெய்னிங்ல மைக் புடிச்சு சொன்னது யாரு?" என்றவர், குரலை இறக்கி, "எனக்கும்தான் தோணலடா. செருப்ப வெச்சிக் கண்டுபுடிக்கறவன்னு பீத்திக்கிறேன். அந்தத் தெருவுல ஒரு வாசல்லயும் செருப்பே இல்ல. எல்லாம் சேத்துல நடக்கறதுங்க. அன்னிக்கு எனக்கு எதுவும் ஓடல" என்றார்.

மற்ற ஊர்களில் நீக்கிய வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முந்நூற்றுப் பதினெட்டும் சரியாக நீக்கப்பட்டவை. கழிமேட்டின் பன்னிரண்டு மட்டுமே உயிருள்ள பிள்ளைகள். நிரல் பெரும்பாலும் சரியாக வேலை செய்திருந்தது என்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. எல்லா இடத்திலும் தப்பாகியிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன்.

திட்டப் பொறுப்பாளர் சபேஷ் சாரிடம் போனோம். சிதம்பரத்துக்காரர், கோபப்படத் தெரியாதவர். தலையைத் தடவிக்கொண்டார்.

"அனுப்பின லிஸ்ட்டை இப்ப மாத்தினா, ஆளைச் சேர்க்கறதுக்காக மாத்தறோம்னு நினைப்பாங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் போட்டோ வேணும், அப்பாவோட முழுப் பேரு வேணும். இருபத்தாறுக்கும். திங்கட்கிழமை மதியத்துக்குள்ள கொண்டு வாங்க, பேசிப் பாக்கறேன்."

சனிக்கிழமை காலை இருவரும் சிதம்பரம் போய், அங்கிருந்து பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறி, கடைசி இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். தெருவில் சின்னப் பிள்ளைகளைத் தவிர யாரும் இல்லை. நீர் வற்றும் நேரம், எல்லோரும் கழியில் இருந்தார்கள். பதினொரு மணிக்கு மேல்தான் ஈரத்தோடு கரையேறினார்கள். முன்னால் வந்தவர் பட்டம்மாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துப் பிடித்தபடி வந்தவர், எங்களைப் பார்த்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மறுபடியுமா? போன மாசந்தான எல்லாத்தையும் கேட்டுக்கினு போனீங்க. எங்கள எத்தினி தரம் எண்ணுவீங்க? நாங்க இன்னா ராவோட ராவா குட்டி போடறமா?"

தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்தார். நான் ஏதோ மென்பொருள், சரிபார்ப்பு என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அக்கா என்னைக் கைகாட்டினார்.

"இந்தத் தம்பிதான் கம்ப்யூட்டர்ல உங்க புள்ளைங்கள்ல பன்னெண்ட அழிச்சிட்டான். ஒரே பேரு, ஒரே தேதியா இருந்திச்சாம். திருப்பி எழுதலன்னா இஸ்கோலு வராது."

"அழிச்சிட்டானா? எந்தப் பன்னெண்டு?"

பெயர்களைப் படித்தேன். படிக்கப் படிக்க முகங்கள் மாறின. ம. கன்னியம்மா என்றதும் பட்டம்மாள் கேட்டார்: "மணி மவளா?"

"மூணுல ரெண்டு அழிஞ்சிருக்கு. எந்த ரெண்டுன்னு சொல்ல முடியாது."

"நல்லாருக்குது. எம்மவ இருக்குதா இல்லியான்னு உனக்கே தெரியல."

டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர், "படம் எடுத்துக்கினு போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல" என்றார். இன்னொருவர் ஆமாம் என்றார். ஆனாலும் அக்கா ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பேசினார். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் தலை சீவிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். நான் படம் எடுத்தேன், அக்கா ஒவ்வொருவரின் அப்பா பெயரையும் கேட்டு எழுதினார். ஐந்து சக்திகளும் வரிசையாக நின்றபோது, கடைசிச் சக்தி, "அண்ணே, நான் ஒரிஜினலா டூப்ளிகேட்டா?" என்று கேட்டான். இந்த வார்த்தையை இவனுக்கு யார் சொன்னது என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்து முடிந்தது. பட்டம்மாளின் கன்னியம்மா மட்டும் இல்லை. பொங்கல் முடிந்ததும் சித்தி குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போயிருந்தாள். சித்தியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்களாம். பதினொரு வயது. முதல் கணக்கெடுப்பின்போதும் அவள் ஊரில் இல்லை. அவளை மட்டும் கண்ணால் பார்க்காமல், அம்மா சொன்னதை வைத்து அக்கா எழுதியிருந்தார்.

"இருபதுக்கு மேல வந்துடுச்சு. மையம் கண்டிப்பா கிடைக்கும்" என்று நான் சொன்னேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

பட்டம்மாள் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துப் பேசினார். "ஊருப் புள்ளைங்கள எல்லாம் கூப்ட்டு நிக்க வெச்சது நானு. எம்மவ பேரு மட்டும் இல்லன்னா எப்படிம்மா? மையம் வந்துருச்சு, வா, உம்பேரு இருக்குதுன்னு சொன்னாதான் நான் அவள அங்கேருந்து கூப்ட முடியும். பேரு இல்லன்னா சித்திக்காரி இன்னா சொல்வா? அங்க வந்து சும்மா குந்தறதுக்கு இங்கயே இருக்கட்டும்பா."

"பேரு இருக்கும். அது எம்பொறுப்பு. அவ எப்ப வந்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணு, அன்னிக்கே நான் வந்து படம் எடுத்து சேத்துட்டுப் போறேன்" என்றார் அக்கா. தன் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பட்டம்மாள் அதை நான்காக மடித்து இறால் விற்ற பணம் வைக்கும் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை பட்டியலைக் கொடுத்தோம். சென்னையில் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். இருபத்தைந்து பேருக்கு ஒப்புதல் வந்தது. இருபத்தாறாவது வரிக்கு நேராக, 'படம் இல்லை, நிலுவை' என்று இருந்தது. இனி இப்படி ஒரு குழப்பம் வரக் கூடாது என்று சபேஷ் சார் சொன்னதால், பட்டியலுக்கு ஒரு பூட்டுப் போட்டேன். எந்தப் பெயரைச் சேர்ப்பதானாலும், அந்த வீட்டை முதலில் கணக்கெடுத்த களப்பணியாளர் தன் டேப்லெட்டோடு அந்த இடத்துக்கே போய்ப் பிள்ளையைப் படம் எடுக்க வேண்டும். வேறு யாராலும் முடியாது. நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஜூன் மாதம் கழிமேட்டில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் மையம் திறந்தது. அக்கா போயிருந்தார். கன்னியம்மா வந்திருக்கவில்லை. சூளை முடிந்ததும் சித்தி குடும்பம் அங்கிருந்தே கரும்பு வெட்டப் போய்விட்டது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அக்காவுக்குப் பட்டம்மாளிடமிருந்து போன் வந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன்.

"வந்துட்டாளா? நல்லதும்மா. மழ இப்படி ஊத்துதே, உங்க ரோட்ல இடுப்பளவு தண்ணி நிக்கும். கொஞ்சம் விடட்டும், வரேன். அதுவரிக்கும் மையத்துல போயி குந்தச் சொல்லு. டீச்சருக்கு நான் சொல்றேன்."

அன்னிக்கே வருகிறேன் என்று சொன்னவர் அன்றைக்குப் போகவில்லை. மழை ஜாஸ்தி என்பது உண்மைதான். அடுத்த வாரம் திங்கட்கிழமை போகலாம் என்று என்னிடம் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு சமாளித்தார். நான்காம் நாள் பண்ருட்டி ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். அங்கிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் முதல் வாரம் இறந்துபோனார். நாற்பத்து மூன்று வயது.

திருவதிகை வீட்டுக்குப் போயிருந்தேன். பத்து நாள் கழித்து லோகநாயகி எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, அம்மா நம்பருக்கு யாரோ பட்டம்மாள்னு ஒருத்தவங்க ரெண்டு மூணு தடவ பண்ணாங்க. அம்மா எப்ப வரும்னு கேக்கறாங்க. நான் சொன்னேன், இந்த மாதிரின்னு. அப்படியே வெச்சிட்டாங்க."

பூட்டைத் திறக்க எனக்குக் கொஞ்ச நாளானது. இறந்துபோன களப்பணியாளரின் கணக்கை வேறொருவருக்கு மாற்ற நான் வழியே வைத்திருக்கவில்லை. அதை மாற்ற சபேஷ் சார் சென்னைக்கு எழுத வேண்டியிருந்தது, அவர்கள் பதில் போட வேண்டியிருந்தது. நடுவில் பொங்கல் விடுமுறை. சபேஷ் சார் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு டிசம்பரிலேயே நான் போயிருக்கலாமா, பூட்டை யாரையும் கேட்காமல் உடைத்திருக்கலாமா என்று இப்போது யோசிக்கிறேன். என் வேலையே போயிருக்கலாம். போயிருந்தால் என்ன என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றுவதில்லை.

ஜனவரி கடைசியில் கழிமேட்டுக்குப் போனேன். மையத்தில் பிள்ளைகள் சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா மழை மாதம் முழுக்க வந்தாள், தமிழை நன்றாக எழுத்துக்கூட்டினாள் என்று ஆசிரியை சொன்னார். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாததால் அவளைத் தனித்தாளில் எழுதி வைத்திருந்தார். பள்ளியில் சேர்க்கும் பட்டியல் தயாரானபோது இருபத்தைந்து பெயர்தான் போனது. பொங்கலுக்கு மறுவாரம் சூளை லாரி வந்தது. அதில் அவள் போய்விட்டாள்.

பட்டம்மாள் வீட்டு முன்னால் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எழுத வந்தியா?"

"ஆமாம்மா."

"அவ இல்லியே."

"கேள்விப்பட்டேன். அடுத்த தடவை அவ வந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணீங்கன்னா..."

"வேணாம் சாமி. நீ ஒண்ணும் சொல்லிக்க வேணாம். சொன்னது அந்தம்மா. அது போயிட்டுது, அத நான் போயி எங்க கேப்பேன்? நீயும் ஒண்ணு சொல்லி, அதையும் நான் முடிஞ்சு வெச்சிக்கணுமா?"

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு நடந்தேன்.

அந்தப் பட்டியல் இப்போதும் என் கணினியில் இருக்கிறது. இருபத்தாறாவது வரியில் ம. கன்னியம்மா, தந்தை பெயர் மணி, தேதி ஜூன் ஒன்று. களப்பணியாளர் என்ற இடத்தில் கலைமணி. படத்துக்கான கட்டம் காலி. நிலை என்ற இடத்தில் நிலுவை.